பழைய டிவி வாங்கும் முன் பிக்சர் டியூபைப் பாருங்கள்

பழைய டிவி சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மரம் பளபளப்பாக இருக்கிறதா, ஸ்பீக்கர் துணி கிழியாமல் இருக்கிறதா, சேனல், சத்தம் மாற்றுகிற திருகுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் "ஓடுமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகூட அவ்வளவு முக்கியமில்லை, ஏனென்றால் ஓடாத டிவியை ஓடவைத்துவிடலாம். கேட்க வேண்டியது "பிக்சர் டியூப் எப்படி இருக்கிறது?" என்பதுதான். எதை வாங்குவது, எப்படிப் பழுது பார்ப்பது, தினமும் எவ்வளவு நேரம் ஓடவிடுவது, உயிர் போன செட்டை என்ன செய்வது என்று பழைய டிவி விஷயத்தில் எடுக்கிற எல்லா முடிவும் கடைசியில் படம் தெரிகிற அந்த ஒரு கண்ணாடிக் குடுவையில்தான் வந்து நிற்கும். அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிவியின் உள்ளே இருப்பவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மின்னேற்றத்தைத் தேக்கும் கண்டென்சரும் மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குழல்களான வால்வுகள் அந்தக் காலத்தில் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை, டப்பா பிரிக்காத பழைய சரக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் கம்பியை மறுபடி சுற்றலாம். பெட்டியின் மேல்பூச்சு உரிந்தால் தேய்த்துப் பூசலாம். பிக்சர் டியூபை மட்டும் யாராலும் வீட்டில் செய்ய முடியாது, பெரிய அளவில் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைகளும் மூடிவிட்டன. ஒரு காலத்தில் தேய்ந்த டியூபின் கழுத்தை வெட்டி, உள்ளே புது எலக்ட்ரான் துப்பாக்கியை வைத்து, காற்றை முழுக்க உறிஞ்சி, மறுபடி உருக்கி மூடிக் கொடுக்கிற பட்டறைகள் நிறைய இருந்தன. அவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெமாயின் நகரில் இருந்த ஹாக்-ஐ பிக்சர் டியூப் என்ற பட்டறை 2010-ல் மூடியது. அதன் இயந்திரங்களை ஒஹாயோ மாநிலம் ஹில்லியார்டில் இருக்கும் எர்லி டெலிவிஷன் மியூசியம் வாங்கிக் காப்பாற்றியது. ஒரு அருங்காட்சியகம் டிவிப் பெட்டிகளோடு நிற்காமல் டியூபைப் புதுப்பிக்கும் உலையையும் பம்பையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிவந்தது என்பதிலேயே நிலைமை புரிந்துவிடும்.

சரி, டியூப் எப்படித் தேய்கிறது? அதன் கழுத்தின் பின்கோடியில் கேத்தோடு என்று ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கிறது. அதன் முனையில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளைப் பூசியிருப்பார்கள். உள்ளே இருக்கிற ஹீட்டர் அதைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் கிளம்பி, ஆயிரக்கணக்கான வோல்ட் இழுக்க, முன்பக்கத் திரையில் போய் மோதும். மோதிய இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒளிரும். ஓட ஓட அந்தக் கேத்தோடு பூச்சின் சக்தி குறைந்துகொண்டே வரும். முதலில் படம் வர நேரமாகும். பிறகு வெளிச்சம் மங்கும். பிரைட்னஸைக் கூட்டினால் முகங்களின் வெளிச்சமான பகுதிகள் வெள்ளி பூசினாற்போல் மினுங்கி, கண் மூக்கெல்லாம் கரைந்துபோகும். இந்த வெள்ளி மினுக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் அப்புறம் எந்த டிவியிலும் டியூப் களைத்துப்போனதை எட்டி நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்குப் பழைய மெக்கானிக்குகள் கையாண்ட வைத்தியம் ஒன்று உண்டு. பிரைட்டனர் என்று ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை டியூபின் பின்புறச் சாக்கெட்டில் செருகி, 6.3 வோல்ட்டில் ஓட வேண்டிய ஹீட்டரைக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டில் ஓட்டுவது. படம் பளிச்சென்று ஆகும், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுள் இன்னும் வேகமாகக் கரையும். வாங்குகிற செட்டின் பின்மூடியைத் திறக்கும்போது இந்தப் பிரைட்டனர் மாட்டியிருப்பதைப் பார்த்தால், அந்த டியூப் ஏற்கெனவே ஒரு முறை செத்துப் பிழைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் படத்தை ஓட்டிக் காட்டினாலும் அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் கையோடு பார்த்துவிட வேண்டும். பல பழைய டியூப்களின் கழுத்தில், உள்பக்கம், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கிற கருவெள்ளித் திட்டு ஒன்று தெரியும். கெட்டர் என்று சொல்வார்கள். உள்ளே மிஞ்சிய வாயுவை விழுங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே ஆவியாக்கிப் படியவைத்த பேரியம் அது. அந்தத் திட்டு பால்போல் வெளுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அந்த டியூபை எந்த மெக்கானிக்காலும் எழுப்ப முடியாது. கையில் ஒரு டார்ச் இருந்தால் போதும், மின்சாரமே இல்லாமல் இதைச் சோதித்துவிடலாம்.

செத்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட டியூப் நன்றாக இருப்பதும் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அயான் டிராப் சமாச்சாரம். பழைய டியூப்களில் எலக்ட்ரான்களோடு சேர்ந்து கனமான அயனிகளும் கிளம்பும். கதிரைத் திரை முழுக்க அலையவிடுகிற காந்தச் சுருளுக்கு எலக்ட்ரான்கள் வளைந்துகொடுக்கும், கனத்த அயனிகள் அவ்வளவாக வளையாது. அதனால் அவை நேராகப் போய்த் திரையின் நடுவில் மோதி, நாளடைவில் அங்கே பழுப்பாக ஒரு கறையை உண்டாக்கிவிடும். இதைத் தடுக்க எலக்ட்ரான் துப்பாக்கியையே கொஞ்சம் கோணலாக வைத்தார்கள். எல்லாம் சுவரை நோக்கிப் போகும், ஆனால் கழுத்துக்கு வெளியே மாட்டிய ஒரு சின்னக் காந்தம் எலக்ட்ரான்களை மட்டும் திருப்பி நேர்வழிக்குக் கொண்டுவரும், அயனிகள் சுவரிலேயே முட்டி முடிந்துபோகும். பிற்பாடு பாஸ்பருக்குப் பின்னால் மெல்லிய அலுமினியப் படலத்தைப் பூசத் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டுக்குத் தேவை இல்லாமல் போனது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காந்தம் நகர்ந்துவிட்டாலோ, சுத்தம் செய்தவர் கழற்றிவைத்துவிட்டு மாட்ட மறந்துவிட்டாலோ திரையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வராது. ஹீட்டர் எரியும், சத்தம் கேட்கும், உயர் மின்னழுத்தமும் இருக்கும், திரை மட்டும் இருட்டு. டியூப் போய்விட்டது என்று எழுதிவைத்துவிடுவார்கள். அந்தக் காந்த வளையத்தைக் கழுத்தின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி மெதுவாகத் திருப்பினால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் திரை முழுவதும் திடீரென்று ஒளிரும்.

திரையின் ஓரங்களில் பூஞ்சை பிடித்ததுபோல் வெண்திட்டுகள் பரவியிருந்தாலும் பயப்பட வேண்டாம். டியூபின் முகத்தில் பாதுகாப்புக்காக இன்னொரு கண்ணாடியைப் பிசின்போட்டு ஒட்டிய காலத்து டியூப்களில் அந்தப் பிசின் கெட்டுப்போவதால் வருவது அது. கண் நோயின் பெயரை வைத்துக் கேட்டராக்ட் என்றே சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். முகக்கண்ணாடியைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமையும் பயிற்சியும் கேட்கிற வேலை, டியூபே உடையும் அபாயமும் உண்டு, ஆனால் நோய் வெளிக்கண்ணாடியோடு நிற்கிறது, உள்ளே இருக்கும் டியூபைத் தொடுவதில்லை.

எந்தக் காலத்து டிவியைச் சேர்ப்பது என்பதிலும் டியூப்தான் பேசுகிறது, ஏனென்றால் டிவிப் பெட்டிகளின் வடிவத்தைத் தீர்மானித்ததே அதுதான். 1939-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த டி.ஆர்.கே.-12 டிவியில் திரை முன்பக்கம் கிடையாது. மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கும், படத்தை அந்தக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். அலங்காரத்துக்காகச் செய்தது இல்லை அது. அன்றைய டியூப் அவ்வளவு நீளம், படுக்கவைத்தால் பெட்டி அறைக்குள் பாதி தூரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் டியூபை வானம் பார்க்க நிறுத்தி, படத்தைக் கண்ணாடியில் திருப்பிக் காட்டினார்கள். கதிரை எவ்வளவு அகலமாக வளைக்க முடிகிறதோ அவ்வளவுக்கு டியூபைக் குட்டையாக்கலாம். ஐம்பது சொச்சம் டிகிரியில் தொடங்கியது 70, 90 என்று ஏறி 1950-களின் முடிவில் 110 டிகிரியைத் தொட்டபோதுதான் டிவி ஒல்லியானது. 1958-ல் ஃபில்கோ கொண்டுவந்த பிரெடிக்டா டிவியில் பெட்டி தனியாகவும் அதன் மேல் திரை தனியாகத் திரும்பும்படியும் நிற்பதற்கும் இந்தக் குட்டை டியூப்தான் காரணம். பார்க்க அவ்வளவு அழகு, பழுதுக்கும் அவ்வளவு பேர்போனது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிவிகள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. பிபிசி 1936 நவம்பரில் லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது, 1939 செப்டம்பர் 1 அன்று போர் காரணமாக நிறுத்தியது, 1946 ஜூனில்தான் மறுபடி வந்தது. அந்த இடைவெளியில் எத்தனை செட்டுகள் பிரித்து வீசப்பட்டிருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. போருக்குப் பிறகு வந்தவை பரவாயில்லை. ஆர்.சி.ஏ.-வின் 1946-ம் ஆண்டு 630-டி.எஸ்., பிரிட்டனில் 1950-ல் வந்த பேக்கலைட் பெட்டி புஷ் டிவி22 போன்றவற்றை இன்றும் ஓடும் நிலையில் பார்க்கலாம். கலரில் கதை வேறு. ஆர்.சி.ஏ. 1954-ல் விற்ற சி.டி.-100 கலர் டிவிக்குள் இருக்கும் 15ஜி.பி.22 டியூபில் உலோகமும் கண்ணாடியும் சேருகிற மூட்டு ஒன்று உண்டு. பல டியூப்களில் அந்த மூட்டு வழியாக மெல்ல மெல்லக் காற்று ஏறிவிட்டது. யாரும் தொடாமல் பத்திரமாக மூடிவைத்திருந்த டிவிகூட அப்படியே செத்திருக்கிறது. அதனால்தான் நல்ல டியூபோடு இருக்கும் சி.டி.-100-ஐப் பற்றிச் சேகரிப்பாளர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 1970, 80-களின் சின்னக் கறுப்பு வெள்ளை டிரான்சிஸ்டர் டிவிதான். நேரடித் திரையோடு முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடிய முதல் டிவி சோனி 1960-ல் விற்ற டிவி8-301, 8 அங்குலத் திரை. அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வகை டிவிகள் ஏராளமாக வந்தன. பலவற்றை 12 வோல்ட் பேட்டரியிலும் ஓட்டலாம், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸ் மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்காது, டியூபும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். ஜே.வி.சி.-யின் வீடியோஸ்பியர்போல விண்வெளி வீரரின் தலைக்கவச வடிவத்தில் வந்தவையும் இந்த ரகம்தான். தரையில் நிற்கும் பெரிய மர கன்சோல் டிவியில் ஆசை இருப்பவர்களும் கைப்பழக்கத்துக்கு முதலில் இப்படி ஒன்றைச் சரிசெய்து பார்ப்பது நல்லது.

செட் வீட்டுக்கு வந்தாயிற்று. உடனே பிளக்கைச் செருகாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பல வருடம் சும்மா கிடந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டுப்போயிருக்கும், முழு வோல்டேஜ் பட்டதும் அது ஏறக்குறைய ஷார்ட்போல் நடந்துகொள்ளும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, தடுக்க வேண்டிய நேர்மின்சாரத்தை (டி.சி.) கசியவிடும். ஒரு வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் அப்படிக் கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சிவக்கும், அதோடு சேர்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். சின்னக் கண்டென்சர் ஒன்றுக்காகக் கிடைப்பதற்கரிய டிரான்ஸ்ஃபார்மரை இழப்பது அநியாயம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியை வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கண்டென்சர் தானாகத் தேறிவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எலக்ட்ரோலைட்டிக் சில நேரம் தேறும், காகிதக் கண்டென்சர் தேறவே தேறாது. ஆகவே முதலில் மாற்றுங்கள், பிறகு ஏற்றுங்கள். என் பக்கம் இதுதான்.

அபாயத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு டிவிகளில் வால்வு ஹீட்டர்களை எல்லாம் ஒரே வரிசையில் கோத்து நேராக மின்சாரத்தில் மாட்டியிருப்பார்கள், சேசிஸின் இரும்புத் தகடு மின்கம்பியின் ஒரு முனையோடு சேர்ந்தே இருக்கும். பிளக் எந்தப் பக்கம் செருகப்பட்டது என்பதைப் பொறுத்து அந்தத் தகடு முழுக்க மின்சாரம் பாயலாம். மேலே திருகு ஒன்று விழுந்துபோய் உலோகத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற செட்டை அப்படியே போட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அந்தக் காலத்தில் திருகை இறுக்கும் சின்ன ஸ்குரூவின் குழியைக்கூட மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள், விரல் நுனி உலோகத்தில் படக்கூடாது என்பதற்காக. வேலை செய்யும்போது, செட்டை வீட்டு மின்கம்பியிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பிளக்கை எடுத்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்றும் நினைக்க முடியாது. பிக்சர் டியூபின் உள்ளும் புறமும் கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. அதாவது அந்த டியூபே ஒரு பெரிய கண்டென்சர். கறுப்பு வெள்ளையில் 10,000 வோல்ட்டுக்கு மேலும் கலரில் 20,000 முதல் 30,000 வோல்ட் வரையும் ஏறியிருக்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் தங்கியிருக்கலாம். பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில்தான் அந்த முனை. அதை வெளிப்பூச்சோடு முறையாக இணைத்து டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவரிடம் நேரில் பார்த்துப் பழகிய பிறகே கை வையுங்கள். அந்த அதிர்ச்சியில் கை தூக்கிப்போட்டு டியூபின் கழுத்தில் பட்டால் கழுத்து ஒடியும், பெரிய டியூப் என்றால் உள்நோக்கி வெடித்துக் கண்ணாடி சிதறும். பழைய கலர் டிவிகளில் உயர் மின்னழுத்தப் பகுதியை மூடும் உலோகக் கூண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டக் கூடாது. 1967-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய கலர் டிவிகள் சிலவற்றில் உயர் மின்னழுத்தத்தைச் சீராக்கும் வால்விலிருந்து எக்ஸ் கதிர் கசிவது தெரியவந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுக்குத் தனிச் சட்டம் வந்தது. அந்தக் கூண்டு ஒரு காரணத்தோடுதான் அங்கே இருக்கிறது.

கண்டென்சர்களை மாற்றினால் பழமை கெட்டுவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பலர் கையாளும் நல்ல வழி, பழைய கண்டென்சரின் அட்டைக் கூட்டைச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிட்டு, புதுக் கண்டென்சரை அதற்குள் வைத்து மறுபடி மெழுகால் மூடுவது. வெளியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும். அபூர்வமான செட்டுக்கு இந்த மெனக்கெடல் தகும். ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சாதாரண செட்டுக்குத் தேவையில்லை, கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும். ஆனால் உள்ளே எதையும் தொடவே கூடாது, ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்ற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. படம் வராத டிவியில் நாம் பார்ப்பது மரச்சாமான் மட்டும்தான். ஓடவைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்து எஞ்சினியர்கள் என்ன செய்தார்கள் என்பதே தெரியும்.

ஓடவைத்தாயிற்று, இனி எதைப் பார்ப்பது? இந்த டிவிகள் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட அனலாக் ஒளிபரப்பு பெரும்பாலான நாடுகளில் நின்றுவிட்டது. நெதர்லாந்து 2006-ல் நிறுத்தியது, அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில், ஜப்பானின் பெரும்பகுதி 2011-ல், பிரிட்டன் 2012-ல். அதனால் பழைய டிவி வைத்திருப்பவர் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் நடத்த வேண்டியிருக்கிறது. அதில் சிரமம் அதிகம் இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. சிக்னலைக் காம்போசிட் வீடியோவாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று, அதை ஒரு சேனலின் அலைவரிசையில் ஏற்றிக் கொடுக்கும் ஆர்.எஃப். மாடுலேட்டர் ஒன்று, அவ்வளவுதான். மாடுலேட்டரின் ஒயரை டிவியின் ஆண்டெனா முனையில் மாட்டி, திருகைச் சரியான சேனலுக்குத் திருப்பினால் படம் வந்துவிடும். பழைய செட்டுகளில் இரட்டைத் தட்டைக் கம்பிக்கான 300 ஓம் முனை இருந்தால் இடையில் பேலன் என்ற ஒரு சின்ன மாற்றி வேண்டும்.

கவனிக்க வேண்டியது முறை, அதாவது படத்தை எத்தனை வரிகளாக வரைகிறது என்பது, பொருந்துகிறதா என்பதை. 625 வரி டிவிக்கு 625 வரி சிக்னல், 525-க்கு 525. படம் மேலும் கீழும் உருளாமல் நிறுத்தும் வெர்டிகல் ஹோல்டைத் திருகி ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் அமெரிக்கக் கலர் முறையையும் ஐரோப்பியக் கலர் முறையையும் குழப்பினால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும், சத்தத்தின் அலைவரிசை இடைவெளியும் ஒத்துவராது. பிரிட்டனின் பழைய 405 வரி டிவிகளுக்கு இன்னும் கஷ்டம். அந்த ஒளிபரப்பு 1985 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, இன்றைய எந்தக் கருவியும் 405 வரியைத் தராது. அதற்கென்றே சேகரிப்பாளர்கள் வடிவமைத்த ஸ்டாண்டர்ட்ஸ் கன்வர்ட்டர் தேவை. படமும் 4:3 அளவில் இருக்க வேண்டும், இன்றைய அகலப் படத்தை அப்படியே கொடுத்தால் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள். அப்புறம், பழைய டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும், ஓரத்தில் இருக்கும் எழுத்துகள் தெரியாது. இது பழுது இல்லை, வோல்டேஜ் குறைந்து படம் சுருங்கினாலும் கறுப்பு ஓரம் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அந்தத் திரையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றால், புதுத் திரை தராத ஒன்று இருக்கிறது. தட்டைத் திரையில் ஒரு படம் முழுசாக வந்து அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும். பிக்சர் டியூபில் முழுப் படம் என்று எந்த நொடியிலும் ஒன்று கிடையாது. ஒரே ஒரு புள்ளி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, 625 வரி முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட், நொடிக்கு 15,625 வரி. புள்ளி கடந்துபோன இடம் அடுத்த கணமே மங்கத் தொடங்கிவிடும். மிச்சத்தை நம் கண்தான் சேர்த்துக்கொள்கிறது. அதனால் வேகமாக நகரும் பந்தோ காரோ இழுபடாமல் கூர்மையாகத் தெரிகிறது. அந்த 15,625 என்ற வேகம்தான் இளம் காதுகளுக்குக் கேட்கும் மெல்லிய கீச்சுச் சத்தமும். லைன் டிரான்ஸ்ஃபார்மர் அதே வேகத்தில் அதிர்கிறது. அணைக்கும்போது நடுவில் ஒரு வெண்புள்ளி நிற்கிறதே, அதுவும் இதே கதைதான்: கதிரை அலையவிடுகிற சுருள்கள் உடனே ஓய்ந்துவிடுகின்றன, சூடான கேத்தோடும் டியூபில் தங்கிய உயர் மின்னழுத்தமும் ஓயவில்லை, ஆகவே கதிர் அசையாமல் நடுவிலேயே விழுகிறது.

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். துப்பாக்கியைத் திரையை நோக்கிச் சுடும் நின்டெண்டோவின் பழைய கேம்கள் தட்டைத் திரையில் வேலை செய்வதில்லை, ஏனென்றால் அந்தத் துப்பாக்கி எதிர்பார்ப்பது பிக்சர் டியூபின் உடனடி ஒளியை. புது டிவி படத்தை உள்ளே வாங்கிப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் அந்த நேரம் கடந்துபோயிருக்கும். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ போன்ற 2001-ம் ஆண்டு கேமுக்கு இன்றும் பிக்சர் டியூப் டிவிகளைச் சுமந்துபோய்ப் போட்டி நடத்துவதற்கும் அந்தத் தாமதம்தான் காரணம். ஒளிபரப்பு மானிட்டர்களாக இருந்த சோனி பி.வி.எம். வகைகளுக்கு இப்போது வந்திருக்கும் மவுசு பெரும்பாலும் இவர்களால் வந்தது. வால்வு டிவிக்காரர்கள் சிலர் இவர்களை வேறு சாதியாகப் பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குப்பைக்குப் போகவிருந்த எத்தனையோ நல்ல டியூப்களை இவர்கள்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகங்களுக்கும் இதே தலைவலி. நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் 1988-ல் தென் கொரியாவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக 1,003 டிவிகளைக் கோபுரமாக அடுக்கிச் செய்த படைப்பு, டியூப்கள் பழுதாகி 2018-ல் அணைக்கப்பட்டது. பல டியூப்களைப் பழுது பார்த்து, முடியாத இடங்களில் தட்டைத் திரையை வைத்து, 2022-ல் மறுபடி ஓடவைத்தார்கள். ஒரு நாட்டின் தேசிய அருங்காட்சியகமே மாற்று டியூப் கிடைக்காமல் சமரசம் செய்திருக்கிறது என்றால், வீட்டில் வைத்திருப்பவர் இருக்கிற டியூபை எவ்வளவு பத்திரமாகப் பார்க்க வேண்டும்!

ஆக எவ்வளவு நேரம் ஓட்டலாம்? நேரத்தைவிடப் பிரைட்னஸ்தான் டியூபைத் தின்கிறது. அறையை இருட்டாக்கிவிட்டுப் பிரைட்னஸைக் குறைத்துப் பாருங்கள், பழைய டிவிகளுக்கு அந்த வெளிச்சமே போதும், படமும் அப்போதுதான் ஆழமாகத் தெரியும். அசையாத எழுத்தையோ கேமின் மதிப்பெண் பட்டையையோ மணிக்கணக்கில் நிறுத்திவைத்தால் பாஸ்பரில் அதன் சுவடு பதிந்துவிடும். கலர் டிவிக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், அதன் காந்தம் உள்ளே இருக்கும் துளைத் தகட்டைக் காந்தமாக்கி ஓரத்தில் நிறத்தைத் திரித்துவிடும். அப்படி ஆகிவிட்டால் காந்தத்தை நீக்கும் டீகாஸிங் சுருளால் சரிசெய்யலாம். மாதக்கணக்கில் மூடிவைப்பதைவிட அவ்வப்போது கொஞ்ச நேரம் ஓட்டுவது கண்டென்சர்களுக்கு நல்லது, ஆனால் யார் வந்தாலும் காட்டுவதற்காக நாள் முழுக்க ஓடவிட வேண்டாம். தூக்கிச் செல்லும்போது கனம் எல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், திரையை உங்கள் நெஞ்சுப் பக்கம் வைத்தே தூக்க வேண்டும். சோனியின் 43 அங்குல டிவி ஏறக்குறைய 200 கிலோ, அந்த மாதிரியானவற்றை ஆள்பலம் இல்லாமல் தொடவே கூடாது.

எவ்வளவு பார்த்தும் ஒரு செட்டைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். பெட்டியைக் கரையான் அரித்திருக்கும், சேசிஸ் துருவேறி உதிரும். அப்போதும் டியூப் நன்றாக இருந்தால் அதைக் கதிரை அலையவிடும் யோக் சுருளோடு சேர்த்தே கழற்றி வையுங்கள், கலர் டியூப் என்றால் முக்கியமாக, ஏனென்றால் இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று சரிபார்த்துப் பொருத்தியிருப்பார்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் டியூப் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, மெத்தென்ற துணி மேல் திரை கீழே இருக்கும்படி வைத்து, கழுத்தைச் சுற்றி அட்டைக் குழாய் ஒன்றைச் செருகிவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அதே எண்ணைத் தேடிக்கொண்டிருப்பவர் எங்கோ ஒருவர் இருப்பார். டியூபும் போய்விட்டது என்றால் உடைத்து வீச வேண்டாம், கலர் டியூபின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பிக்சர் டியூபை வாங்கிக்கொள்ளும் மின்கழிவு மறுசுழற்சி நிலையத்தில் முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.